கடைசி அரை மில்லிகிராம்

மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தை, அவர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் எடுத்து வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கூடுதலாக ஒரு மாத்திரையைக்கூடத் தொடாமல், யாரிடமும் மறைக்காமல் ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டு வந்தவர்கள், இனிப் போதும் என்று ஒருநாள் நிறுத்தப் பார்க்கும்போது உடம்பு விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறது. கை நடுங்குகிறது, இரவு முழுவதும் கண் மூட முடிவதில்லை, காரணமே இல்லாமல் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இந்த நிலையில் சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரேயடியாக நிறுத்திவிடுகிறார்கள். சில மருந்துகளில் அது உயிருக்கே ஆபத்து. வேறு சிலர், இது இல்லாமல் இனி வாழவே முடியாது என்று முடிவுகட்டி, நிறுத்தும் எண்ணத்தையே கைவிட்டுவிடுகிறார்கள். இரண்டுக்கும் இடையில் படிப்படியாகக் குறைக்கும் வழி ஒன்று இருக்கிறது. எவ்வளவு மெதுவாகக் குறைக்க வேண்டும், குறிப்பாக எந்தக் கட்டத்தில் வேகத்தை மிகவும் தணிக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் நான் சொல்ல விரும்புகிறேன்.

நான் மருத்துவர் இல்லை. கடுமையான பதற்றத்துக்காக, மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் எஸ்சிட்டலோபிராம், பதற்றத்தை விரைவில் தணிக்கும் குளோனசிபாம் ஆகிய இரண்டும் ஒரே சீட்டில் எனக்கு எழுதப்பட்டன. எஸ்சிட்டலோபிராம் வேலை செய்யத் தொடங்கச் சில வாரங்கள் ஆகும் என்பதால், அதுவரை தாக்குப்பிடிக்கக் குளோனசிபாமைத் துணைக்குக் கொடுப்பது மருத்துவத்தில் வழக்கமான ஏற்பாடுதான். அந்தச் சில வாரங்கள் முடிந்த பின்பும் சீட்டு புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே போனது, மருந்தும் தொடர்ந்தது. இரண்டையும் பிற்பாடு, ஒன்றன்பின் ஒன்றாக, வேறொரு மனநல மருத்துவரின் மேற்பார்வையில் குறைத்து நிறுத்தினேன். அதற்காகப் படித்தவையும் என் உடம்பில் நான் கண்டவையும் கலந்ததே இந்தப் பதிவு. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மருந்தைக் குறைக்கத் தொடங்கிவிட வேண்டாம்; படித்ததை எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்.

முதலில் வெட்கத்தைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் பலர் மருத்துவரிடம் வாய் திறக்காமல் இருப்பதற்கு அதுதான் காரணம். நிறுத்தியதும் உடம்பு படுத்துகிறது என்றால் தாங்கள் போதைக்கு அடிமையாகிவிட்டதாக அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு இதில் தெளிவாக இருக்கிறது: மருத்துவர் மேற்பார்வையில் முறையாக எடுத்துக்கொள்ளும் மருந்துக்கு உடல் பழகிப்போவதையும், நிறுத்தும்போது விலகல் அறிகுறிகள் வருவதையும் மட்டும் வைத்து ஒருவருக்குப் போதைப்பொருள் பயன்பாட்டு நோய் இருப்பதாகக் கணக்கிடக் கூடாது. மருந்தைத் தேடி அலைவது, தீங்கு என்று தெரிந்தும் விட முடியாமல் கூட்டிக்கொண்டே போவது, வேலையும் உறவும் அதனால் சிதைவது ஆகியவை இருந்தால்தான் அது வேறு பிரச்சினை. அதற்குச் சிகிச்சையும் வேறு. மற்றவர்களுக்கு நடந்திருப்பது உடலின் இயல்பான தகவமைப்பு. இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 2019-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, மனச்சோர்வு மருந்துகள், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலிநிவாரணிகள், குளோனசிபாம் சேர்ந்த பென்சோடயசிபீன்கள், தூக்க மருந்துகளான இசட் வகை, நரம்பு வலிக்குத் தரப்படும் கபாபென்டின் வகை ஆகிய ஐந்தில் ஏதாவது ஒன்றையாவது இங்கிலாந்தில் ஓராண்டில் பெற்றவர்கள் ஒரு கோடியே 15 லட்சம் பேர் என்று கணக்கிட்டது. வயது வந்தோரில் நான்கில் ஒருவருக்கும் மேல். இத்தனை பேரும் மன உறுதி இல்லாதவர்களாகவா இருப்பார்கள்?

உடல் எப்படிப் பழகிப்போகிறது என்பதைப் புரிந்துகொண்டால், குறைக்கும் முறை ஏன் அப்படி இருக்க வேண்டும் என்பதும் விளங்கிவிடும். மூளையில் காபா என்ற வேதிப்பொருள் நரம்புச் செல்களின் கிளர்ச்சியை அடக்கி வைக்கிறது. குளோனசிபாம், அல்பிரசோலாம், லோரசிபாம், டயசிபாம் போன்ற பென்சோடயசிபீன்கள் நரம்புச் செல்களில் காபாவின் செய்தியை வாங்கும் ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு அந்த அடக்கும் வேலையை வலுப்படுத்துகின்றன. அதனால்தான் மாத்திரை போட்ட சிறிது நேரத்தில் நெஞ்சுப் படபடப்பு ஓய்கிறது. மூளை இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. வெளியிலிருந்து அடக்கும் ஆற்றல் நாள்தோறும் வந்துகொண்டிருப்பதால், தன் பங்குக்கு ஏற்பிகளின் உணர்திறனைக் குறைத்துக்கொண்டு, கிளர்ச்சியூட்டும் பக்கத்தைச் சற்றுத் தூக்கிவிட்டுச் சமநிலைக்கு வருகிறது. இப்போது மருந்தைச் சட்டென்று எடுத்துவிட்டால் அடக்குவதற்கு ஆள் இல்லை, தூக்கிவிடப்பட்ட கிளர்ச்சி மட்டும் அப்படியே நிற்கிறது. நடுக்கம், தூக்கமின்மை, ஒலியும் ஒளியும் தாங்க முடியாத கூச்சம், தசைத் துடிப்பு எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. கடுமையானால் வலிப்பு வரலாம், மனக்குழப்பம் வரலாம், உயிர்கூடப் போகலாம். மூளை மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பும், ஆனால் அதற்குக் காலம் வேண்டும். படிப்படியாகக் குறைப்பது அந்தக் காலத்தைக் கொடுப்பதற்காகத்தான்.

இந்த வகையில் முதலாவதான குளோர்டயசிபாக்சைடு 1960-இலும் டயசிபாம் 1963-இலும் விற்பனைக்கு வந்தன. பழைய தூக்க மருந்துகளான பார்பிச்சுரேட்டுகளைவிடப் பாதுகாப்பானவை என்பதால் உலகமெங்கும் தாராளமாக எழுதப்பட்டன. இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு அறிவுறுத்தியபோது 1988 ஆகிவிட்டது. அதற்கு முன்பே, நியூகாசல் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன் 1982-இல் பென்சோடயசிபீனை விட விரும்புபவர்களுக்கென்றே ஒரு சிகிச்சைப் பிரிவைத் தொடங்கி, 1994 வரை நடத்தினார். குறைக்கும் வேகத்தை நோயாளியின் கையில் கொடுக்க வேண்டும் என்று அவர் விடாமல் வலியுறுத்தினார். அட்டவணைக்காக உடம்பை நெருக்காமல், உடம்பைப் பார்த்து அட்டவணையை மாற்ற வேண்டும் என்பது அவர் வழி. அந்த அணுகுமுறையை உருவாக்கியதற்காக அவருக்கு நான் மனமார நன்றி சொல்கிறேன்.

பழகிப்போவது மனநல மருந்துகளுக்கும் வலி மருந்துகளுக்கும் மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டை மூன்று, நான்கு வாரங்களுக்கு மேல் எடுத்துக்கொண்டவரின் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டுவிடும்; திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து, வாந்தியும் மயக்கமும் வந்து, அவசர சிகிச்சைப் பிரிவில்தான் கண் விழிக்க நேரலாம். இதய நோய்க்காகப் பீட்டா பிளாக்கர் எடுப்பவர் சட்டென்று விட்டால் நெஞ்சு வலியோ மாரடைப்போ வரலாம். ரத்த அழுத்தத்துக்கான குளோனிடினை விட்டால் அழுத்தம் பழைய அளவையும் தாண்டி எகிறும். இவற்றை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது என்பதை மருத்துவர்கள் எல்லோரும் அறிவார்கள், நோயாளியிடம் சொல்லியும் விடுகிறார்கள்.

ஆனால் அமிலச் சுரப்பைத் தடுக்கும் மாத்திரைகளைப் பற்றி அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. 2009-இல் வெளியான ஒரு டென்மார்க் ஆய்வு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. வயிற்றில் எந்தக் கோளாறும் இல்லாத 120 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு எட்டு வாரம் அமிலத்தைத் தடுக்கும் எசொமெப்ரசோலும் பிறகு நான்கு வாரம் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். மற்றப் பிரிவுக்கு முழுக்க முழுக்க வெற்று மாத்திரை. கடைசி நான்கு வாரங்களில், மருந்தை விட்டவர்களில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சலோ புளித்த ஏப்பமோ அதுபோன்ற தொல்லையோ வந்தது. மற்றவர்களில் 15 சதவீதம் பேருக்குத்தான். நோயே இல்லாதவருக்கு, மருந்தை நிறுத்தியதால் மட்டும் நோயின் அறிகுறி வந்திருக்கிறது! அமிலம் குறைந்ததைச் சரிக்கட்ட உடம்பு, அமிலத்தைச் சுரக்கத் தூண்டும் காஸ்ட்ரின் ஹார்மோனைக் கூட்டி வைத்திருந்தது, தடை நீங்கியதும் அமிலம் பொங்கியது. இப்படி எரிச்சல் வந்தவர் என்ன நினைப்பார்? தனக்கு இந்த மாத்திரை ஆயுள் முழுவதும் தேவை என்றுதான் நினைப்பார். விலகலை நோய் என்று தவறாக எடுத்துக்கொள்வதன் அத்தனை சிக்கலும் இந்த ஒரு ஆய்வில் அடங்கியிருக்கிறது.

மனச்சோர்வு மருந்துகளிலும் இதே குழப்பம்தான். விட்டவர்கள் எல்லோரும் துன்பப்படுவார்கள் என்று பயமுறுத்துவது தவறு. யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று தட்டிக்கழிப்பதும் தவறு. 79 ஆய்வுகளைத் தொகுத்து 2024-இல் வெளியான பகுப்பாய்வின்படி, நிறுத்தியவர்களில் 31 சதவீதம் பேர் ஏதாவதொரு அறிகுறியைச் சொன்னார்கள். வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதம் பேர் சொன்னார்கள். அதாவது மருந்தின் பேரில் வைக்கத் தக்கது ஏறக்குறைய ஆறு, ஏழு பேரில் ஒருவருக்கு. கடுமையாக வந்தது 35 பேரில் ஒருவருக்கு. அந்த ஆய்வுகளில் பலவற்றில் பங்கேற்றவர்கள் மருந்தை எடுத்த காலம் குறைவு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் எடுத்தவர்களின் நிலை இதைவிடக் கடினமாக இருக்கலாம். எந்த மருந்து என்பதும் முக்கியம். பராக்ஸெட்டினும் வென்லாஃபாக்சினும் உடலிலிருந்து விரைவில் வெளியேறுவதால் அதிகம் படுத்தும். ஃப்ளுவாக்ஸெட்டின் உடலில் வாரக்கணக்கில் தங்கித் தானே மெல்லக் குறைவதால் பெரும்பாலும் அவ்வளவு படுத்தாது.

இனி, குறைக்கும் கணக்குக்கு வருகிறேன். பத்து மி.கி. எடுப்பவர் ஐந்தாக்கி, ஐந்தைப் பூஜ்யமாக்கி நிறுத்துவதுதான் நம்மில் பலருக்குச் சொல்லப்படும் வழி. காகிதத்தில் பார்த்தால் இரண்டு சமமான படிகள். மூளை அப்படிப் பார்ப்பதில்லை. மருந்தின் அளவுக்கும் அது மூளையில் பிடிக்கும் இடத்துக்கும் உள்ள உறவு நேர்கோடாக இல்லை. மனச்சோர்வு மருந்தான சிட்டலோபிராமை எடுத்துக்கொள்வோம், மூளையை ஸ்கேன் செய்து அளந்த கணக்குகள் இதற்கு இருக்கின்றன. மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனின் என்ற வேதிப்பொருளை நரம்புச் செல்லுக்குள் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடத்திகளில் 60 மி.கி. ஏறத்தாழ 88 சதவீதத்தைப் பிடிக்கிறது. 20 மி.கி. 80 சதவீதத்தைப் பிடிக்கிறது. அதாவது மருந்தில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துவிட்டாலும் மூளையில் நிகழும் மாற்றம் வெறும் எட்டு சதவீதம்தான். அதன்பிறகு சரிவு செங்குத்தாகிறது. 9 மி.கி.யில் 70 சதவீதம், ஐந்தரை மி.கி.யில் 60, 2.3 மி.கி.யில் 40, ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான 0.8-இல்கூட 20. கடையில் கிடைக்கும் மிகச் சிறிய மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சில வாரம் சாப்பிட்டுவிட்டு, இவ்வளவு சிறிய துண்டு என்ன செய்துவிடப் போகிறது என்று விடுபவர், பாதிக்கும் மேற்பட்ட மாற்றத்தை ஒரே இரவில் மூளையின் தலையில் இறக்குகிறார். மலையிலிருந்து இறங்குபவர் சரிவான பாதையெல்லாம் நடந்து வந்துவிட்டு, அடிவாரத்துக்குச் சற்று மேலே உள்ள பாறையிலிருந்து குதிப்பதைப் போன்றது இது.

இந்த அடிப்படையில்தான் ஆய்வாளர்கள் மார்க் ஹொரோவிட்சும் டேவிட் டெய்லரும் 2019-இல் ஒரு முறையை முன்வைத்தார்கள். மில்லிகிராமைச் சமமாக வெட்டாமல், மூளையில் ஏற்படும் விளைவு சமமாகக் குறையும்படி வெட்டுவது அவர்கள் முறை. அதனால் அளவு சிறுத்துக்கொண்டு போகப் போக வெட்டும் துண்டும் சிறுத்துக்கொண்டே போகும். நடைமுறையில் இதை இப்படிச் செய்யலாம்: ஒவ்வொரு முறையும் தொடக்க அளவில் பத்து சதவீதத்தைக் குறைக்காமல், அப்போது எடுத்துக்கொண்டிருக்கும் அளவில் பத்து சதவீதத்தைக் குறைப்பது. ஒரு மில்லிகிராம் குளோனசிபாம் 0.9 ஆகும், பிறகு 0.81, பிறகு 0.73. அரை மில்லிகிராமுக்கு வரும்போது வெட்டு 0.05 ஆகியிருக்கும், 0.1-க்கு வரும்போது 0.01. எனக்கு முதல் அரை மில்லிகிராம் அவ்வளவாகத் தெரியாமலே போனது. கடைசி அரை மில்லிகிராமுக்கு அதைவிடப் பல மடங்கு காலம் பிடித்தது. அவ்வளவு காலமும் அவசியமானது என்றே இன்றும் உறுதியாக நம்புகிறேன்.

பத்து சதவீதம் என்பது என் கற்பனைக் கணக்கு இல்லை. அமெரிக்கப் போதைமருத்துவச் சங்கம் மற்ற மருத்துவ அமைப்புகளுடன் சேர்ந்து 2025-இல் வெளியிட்ட வழிகாட்டி, பென்சோடயசிபீனைக் குறைக்கத் தொடங்கும்போது இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஐந்து முதல் பத்து சதவீதம் குறைப்பதைக் கருதலாம் என்றும், பொதுவாக இரண்டு வாரத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. ஓபியாய்டு வலிநிவாரணியை ஓராண்டுக்கு மேல் எடுத்தவர்களுக்கு மாதம் பத்து சதவீதம், அல்லது அதைவிட மெதுவாக என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2022 வழிகாட்டி. இவை தொடங்கும் இடங்கள்தான். உடம்பு ஏற்றுக்கொண்டால் சிலரால் வேகமாகப் போக முடியும். ஏற்காவிட்டால் ஒரே அளவில் நின்று காத்திருக்கலாம். நிற்பதைப் பின்வாங்குவதாக எண்ண வேண்டியதில்லை. கர்ப்பம், வலிப்பு நோய், வேறு கடுமையான உடல்நோய் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கே வேறு. அவர்கள் நிபுணர் இல்லாமல் ஓர் அடிகூட எடுத்துவைக்கக் கூடாது.

சொல்வது எளிது, 0.45 மில்லிகிராமை எப்படி அளப்பது? மருந்து நிறுவனங்கள் நிறுத்துவதற்கென்று மாத்திரை செய்வதில்லை. நடுவில் கோடு போட்ட மாத்திரையை வெட்டும் கருவியில் வைத்து அழுத்தினால் ஒரு பக்கம் சற்றுப் பெரிதாகவும் மறுபக்கம் சிறிதாகவும் உடையும், நடுவே கொஞ்சம் வெள்ளைத் தூள் கருவியின் பள்ளத்தில் தங்கிவிடும். கால் பாகமாக்கினால் வேறுபாடு இன்னும் கூடும். பெரிய அளவுகளில் இது பொருட்டில்லை. கடைசிக் கட்டத்தில் ஒருநாள் கூடுதலும் மறுநாள் குறைவுமாகப் போய் உடம்பை ஊசலாட்டும். அதனால் அந்தக் கட்டத்தில் திரவ வடிவம் கிடைக்குமா என்று கேட்பது நல்லது. எஸ்சிட்டலோபிராம் உட்படப் பல மருந்துகளுக்குச் சொட்டு மருந்தோ கரைசலோ பல நாடுகளில் இருக்கிறது; ஊசியில்லாத சிரிஞ்சில் மில்லிலிட்டரின் பத்தில் ஒரு பங்குவரை உறிஞ்சி எடுக்கலாம். திரவம் இல்லாத இடத்தில் மருந்தாளுநர் சிறிய அளவுகளில் தயாரித்துத் தர முடியுமா என்று மருத்துவர் மூலம் விசாரிக்கலாம். மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கிப் பாதியைக் குடிக்கும் வழியைப் பலர் தாமாகக் கையாள்கிறார்கள். குளோனசிபாம் தண்ணீரில் கரையாது, அடியில் போய்த் தங்கிவிடும். மேலே உள்ள தண்ணீரைக் குடித்தால் மருந்தே இல்லை, கடைசி மடக்கில் முழுவதும் வந்துவிடும். மெல்ல மெல்ல வெளியிடும் வகை மாத்திரைகளை வெட்டவோ பொடிக்கவோ கூடாது. ஒரு நாளுக்கான மருந்து ஒரே மூச்சில் ரத்தத்தில் இறங்கிவிடும்.

ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டுக் குறைக்கும் பழக்கமும் பரவலாக இருக்கிறது. சில மருத்துவர்களே அப்படி எழுதுகிறார்கள். உடலில் நீண்ட நாள் தங்கும் ஃப்ளுவாக்ஸெட்டினுக்கு அது அதிகம் கெடுதல் செய்யாது. மற்ற மனச்சோர்வு மருந்துகள் பலவற்றில் ஏறக்குறைய ஒரு நாளில் ரத்தத்தில் உள்ள அளவு பாதியாகிவிடும், இரண்டாம் நாள் கால் பாகமாகும்; வென்லாஃபாக்சினுக்கு அந்தப் பாதியாகும் நேரம் வெறும் ஐந்து மணிதான். இடைநாள்தோறும் சிறு விலகலை உண்டாக்கி அதன் மேல் மறுபடி மருந்தைக் கொட்டுவதுதான் அங்கே நடக்கிறது. தினமும் சற்றுக் குறைவாக எடுப்பதே நரம்புகளுக்கு இதம். இதே காரணத்தால்தான், ஏறத்தாழ 11 மணி நேரத்தில் பாதியாகிவிடும் அல்பிரசோலாமை எடுப்பவர்களை, நாள்கணக்கில் தங்கும் டயசிபாமுக்குப் படிப்படியாக மாற்றி, அதிலிருந்து குறைக்கும் வழியைச் சில மருத்துவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். முதியவர்களுக்கும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் டயசிபாம் உடலில் தேங்கித் தள்ளாட்டத்தைத் தரும் என்பதால் இது எல்லோருக்கும் பொருந்தாது.

எனக்கு மிகக் கடினமாக இருந்தது, வருவது விலகலா அல்லது பழைய நோயா என்று பிரித்தறிவதுதான். இரண்டிலும் பதற்றம் உண்டு, தூக்கமின்மை உண்டு, அழுகை உண்டு. பிரித்தறிய உதவும் அடையாளங்கள் சில இருக்கின்றன. விலகல் பொதுவாக அளவைக் குறைத்த சில நாட்களுக்குள் வரும். நோய் திரும்புவதானால் பெரும்பாலும் வாரங்களோ மாதங்களோ கழித்து மெல்லத் தலைதூக்கும். விலகலில், முன்பு நோய் இருந்தபோது இல்லாத புதிய உணர்வுகள் சேரும். கண்ணைப் பக்கவாட்டில் திருப்பும்போது மண்டைக்குள் சுரீரென்று மின்சாரம் பாய்ந்ததுபோல ஒரு வெட்டு வெட்டி மறையும், உலகம் ஒரு நொடி பின்தங்கி வந்து சேரும். எஸ்சிட்டலோபிராமைக் குறைத்தபோது இது எனக்கு அடிக்கடி வந்தது, பதற்ற நோயின் மிக மோசமான காலத்திலும் இது வந்ததே இல்லை. குளோனசிபாமைக் குறைத்தபோது சமையலறையில் ஒரு கரண்டி விழுந்த சத்தம் பல்லின் வேர்வரை கூசியது. மூன்றாவது அடையாளம், விலகலாக இருந்தால் முந்தைய அளவுக்குத் திரும்பியதும் பெரும்பாலும் சில நாட்களிலேயே தணிந்துவிடும். திரும்பிய நோய் அவ்வளவு விரைவில் அடங்காது. இவை எதுவும் நூற்றுக்கு நூறு உறுதி இல்லை. சிலருக்கு விலகல் தாமதமாகவும் வரும், மாதக்கணக்கில் நீடிக்கவும் செய்யும். சிலருக்கு நோயே உண்மையில் திரும்பும், அப்போது மருந்தைத் தொடர்வதுதான் சரி.

இதற்கு நோட்டுப் புத்தகம் ஒன்று மிகவும் உதவும். தேதி, எடுத்த அளவு, தூங்கிய நேரம், அன்றைய தொல்லைகளுக்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண் என்பதற்கு மேல் எழுதத் தேவையில்லை. ஒவ்வொரு துடிப்பையும் கவனித்து எழுதத் தொடங்கினால் அதுவே பதற்றத்தை வளர்க்கும். குறைத்த சில நாட்களில் மதிப்பெண் ஏறி, பிறகு இறங்கி, சமனாகும் வளைவு ஒவ்வொரு முறையும் திரும்புவதை அதில் பார்க்க முடிந்தது. ஆனால் ஏறும் நாளில் அந்த நோட்டைத் திறக்கும் தெளிவே நமக்கு இருப்பதில்லை. இனி நான் நன்றாக ஆகவே மாட்டேன் என்று நான் அழுத ஒரு மாலையில் என் தங்கைதான் அதை எடுத்து என் முன்னால் வைத்தாள். "அக்கா, போன தடவை குறைச்சப்பவும் நீ இதையேதான் சொன்னே. இதோ பாரு, உன் கையெழுத்துதான்" என்றாள். உடன் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: தைரியமாக இரு, மனசை உறுதியாக வைத்துக்கொள் என்று சொல்லாதீர்கள், அது நோயாளியின் மேல் பழியாகத்தான் போய் விழும். என்ன நடக்கிறது என்பதை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொண்டு, அவர் மறந்துவிடும் நேரத்தில் நினைவூட்டுங்கள்.

குறைக்கும் காலத்தில் காபியும் தேநீரும் வழக்கத்தைவிடக் கடுமையாகத் தாக்கும். எனக்கு மதியத்துக்கு மேல் ஒரு வாய்கூட ஆகவில்லை. மதுவால் இரவைச் சமாளிக்கப் பார்ப்பது உண்மையிலேயே ஆபத்தானது, ஏனென்றால் அதுவும் அதே காபா ஏற்பிகளில்தான் வேலை செய்கிறது. பென்சோடயசிபீனுடனோ ஓபியாய்டுடனோ சேர்ந்தால் மூச்சை அடக்கும். நடைப்பயிற்சி, நேரத்துக்குப் படுக்கை ஆகியவை உதவும், ஆனால் விலகலை அவை தீர்த்துவிடாது. தூக்கமின்மைக்கும் பதற்றத்துக்கும் மனநல ஆலோசகரிடம், எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசிப் பயிற்சியால் மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பெற முடிந்தால், அளவைக் குறைக்கும் முன்பே தொடங்கிவிடுவது நல்லது. கைத்தடியை விடும் முன் கால் பழக வேண்டும் அல்லவா.

மருத்துவரிடம் எப்படிப் பேசுவது என்பது பலருக்குப் பெரிய தயக்கம். "எனக்கு இந்த மருந்தை விட வேண்டும்" என்று மட்டும் சொன்னால், இரண்டு வாரத்தில் பாதியாக்கி நிறுத்துங்கள் என்ற பதில் வரக்கூடும், அல்லது தொடர்ந்து சாப்பிடுங்கள் என்று சொல்லிவிடக்கூடும். எந்த மருந்து, எவ்வளவு காலம், முன்பு எப்போதாவது ஒரு வேளை தவறியபோது என்ன ஆனது, இப்போதைய வாழ்க்கைச் சூழல் குறைப்பதற்கு ஏற்றதாக இருக்கிறதா என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். குறைக்கும் அளவு, இடைவெளி, தாங்க முடியாவிட்டால் எங்கே நிற்பது, யாரை அழைப்பது ஆகிய நான்கையும் அவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். இங்கிலாந்தின் மருத்துவத் தரத்துக்கான தேசிய நிறுவனம் 2022 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டி, இவ்வகை மருந்தைத் தொடங்கும்போதே எவ்வளவு காலத்துக்கு, எப்படி நிறுத்துவது என்பதைப் பற்றி நோயாளியிடம் பேசிவிட வேண்டும் என்கிறது. அந்தப் பேச்சு தொடக்கத்தில் நடக்காமல் போயிருந்தால், அதை இப்போது கேட்டுப் பெற நமக்கு முழு உரிமை இருக்கிறது. நான் சென்ற இரண்டாவது மருத்துவர் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "நீங்கள் சொல்கிற வேகத்தில் போகலாம், எனக்கு அவசரமில்லை" என்றார். என் பயத்தில் பாதி அந்த அறையிலேயே குறைந்தது. பயணத்திலோ மருத்துவமனையிலோ மருந்து தடைபடலாம் என்பதால், குறைத்துக்கொண்டிருக்கிறேன் என்பதையும் அன்றைய அளவையும் ஒரு சீட்டில் எழுதி எப்போதும் கைப்பையில் வைத்திருந்தேன். பல் மருத்துவர் உட்பட எந்த மருத்துவரிடம் போனாலும் அதைக் காட்டினேன்.

சில நிலைகளில் அட்டவணையை மூடிவைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்: வலிப்பு, இல்லாததைக் காண்பதும் கேட்பதும், நேரமும் இடமும் புரியாத குழப்பம், காய்ச்சலுடன் கடும் நடுக்கம், ஸ்டீராய்டைக் குறைப்பவருக்கு ஓயாத வாந்தியும் மயக்கமும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம். கடைசியாகச் சொன்னது விலகலின் விளைவாகவே வரலாம். ஓபியாய்டைச் சட்டென்று நிறுத்தியவர்களிடமும் அவசரமாகக் குறைத்தவர்களிடமும் தற்கொலை நிகழ்ந்திருப்பதை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2019-இல் எச்சரிக்கையாகவே வெளியிட்டது. இந்த எண்ணம் வந்தால் அந்த நிமிடமே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஓபியாய்டைக் குறைத்தவர்களும் நிறுத்தியவர்களும் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்செறிப்பு, வயிற்றுப்போக்கு, எலும்பு வலி என்று வரும் விலகல் எவ்வளவு கொடுமையாக இருந்தாலும், அதைக் கடந்த பிறகு உடம்பு முன்பு தாங்கிய அளவை இனித் தாங்காது. வலி மிகுந்த ஓர் இரவில் பழைய மாத்திரைப் பட்டையைத் தேடி எடுத்துப் பழைய அளவைப் போட்டால் மூச்சு நின்றுவிடக்கூடும். ஆகவே ஒவ்வொரு அளவையும் தாண்டியதும், மிஞ்சிய மாத்திரைகளை வீட்டில் வைத்திருக்காமல் மருந்தகத்திடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திரும்பப் பெறும் வழி இல்லாத இடத்தில், பாதுகாப்பாக அப்புறப்படுத்துவது எப்படி என்று மருந்தாளுநரிடமே கேளுங்கள். பென்சோடயசிபீனுக்கும் இது பொருந்தும், ஆனால் ஒரு வேறுபாட்டுடன்: குறைத்துக்கொண்டிருக்கும் காலத்தில், முந்தைய அளவுக்கு ஒரு படி திரும்ப வேண்டி வந்தால் அதற்குப் போதுமான மருந்து, மருத்துவருக்குத் தெரிந்து, வீட்டில் ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். என் மாத்திரைகள் அந்தக் காலம் முழுவதும் தங்கையின் அலமாரியில் இருந்தன; கடைசி அளவை நிறுத்திச் சில மாதங்கள் கழித்து, மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான் அவள் அவற்றை மருந்தகத்தில் ஒப்படைத்தாள்.